நல்ல வருஷம்

கொட்பே ஐஸ் ஆலையின் கணக்கறையில்
பத்து மாதம் கிடந்தது.
திருகோணமலை முழுக்கத் தேடினாலும்
ஒரு வைனுக்கு அதைவிட நல்ல நிலவறை இல்லை.
சாவி ரொக்கி பல்தசாரிடம்.
பாரைமீன் பெட்டிகளுக்குப் பின்னால்
ஈரச் சாக்கில் சுற்றிப் படுக்கவைத்து
“பிள்ளை நித்திரை” என்று
சோக்கட்டியால் எழுதியும் வைத்திருந்தான்.

ஒன்பது வருஷம் கப்பலில் ஊற்றினேன்.
இடது கை முதுகில், வலது கை போத்தலில்,
கடைசிச் சொட்டு விழுமுன்
மணிக்கட்டைத் திருப்பி.
எனக்கென்று கிடைத்தது
மேசை ஒதுக்கும்போது கோப்பை அடியில் மிஞ்சிய
தேக்கரண்டியளவு.
அதை நாக்கில் உருட்டி உருட்டித்தான் படித்தேன்.
கறுப்புச் செர்ரி, ரோஜா இதழ், ஈரக் காடு:
நான் தின்னாத பழங்களும்
போகாத காடுகளும் மனப்பாடம்.

இன்றைக்கு முழுப் போத்தல்.
உப்புவெளியில், எங்கள் குசினி மேசையில்.
மூன்று நாள் மழை, அதனால் தப்பியது;
மற்ற நாளென்றால் இந்த ஊர் வெக்கையில்
சிவப்பு வைன் கஷாயம்.
வயிறு அகன்ற கோப்பை வேண்டும் என்றேன்.
ரொக்கி மூன்று பிராந்திக் கோப்பை கொண்டுவந்தான்,
ஒன்றில் விளிம்பு உடைவு.
அதை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாயில் ஒன்றுமில்லை.
புளிப்பு. இரும்பு. சாத்திய கதவு.
“இதுக்கோடா நான் பத்து மாதம் காவல் இருந்தனான்?
சாராயம் எண்டாலும் ஒரு முகம் காட்டும்.”
பொறு என்றேன்.
பொறுக்கும் நேரத்துக்கு பர்கண்டியைச் சொன்னேன்:
ஒரே கொடி, ஒரே சரிவு,
நடுவில் இடுப்பளவு கல்மதில்.
மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி,
அந்தப் பக்கம் வேறு, விலையோ பத்து மடங்கு.
ரொக்கி நம்பவில்லை.
யசோதினிதான் பாத்திரம் துடைத்தபடி சொன்னாள்:
“கன்னியாவில ஏழு கிணறும் ஒட்டி ஒட்டித்தானே.
ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு.
அதை மட்டும் நம்புறீங்கள்.”

அப்போது கறண்ட் போனது.

அவள் மெழுகுதிரியைப் போத்தலுக்குக் கிட்டப் பிடித்து
எழுத்துக்கூட்டினாள்: வொல்னே.
கீழே இருந்த எண்ணைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.
இரண்டாயிரத்து ஒன்பது.

கப்பலில் அந்த எண்ணைக் காட்டினால்
புருவங்கள் உயரும்.
அருமையான வருஷம் என்பார்கள்.
ஆம் ஐயா, அருமையான வருஷம் என்று
எத்தனை மேசையில் குனிந்து ஊற்றினேன்.
வெயில் அளவாம், மழை அளவாம்,
குலைகள் அழுகாமல் வந்ததாம்.
இங்கே சுவரில் இருக்கும் அவள் தம்பியின் படத்துக்கு
நாங்கள் இன்னும் மாலை போடவில்லை.

ரொக்கி மேசையில் விழுந்த மெழுகை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
போத்தலை மூடிவிடலாமா என்று தக்கையைத் தேடினேன்.

அவள் கோப்பையை எடுத்தாள்.
நான் காட்டிக்கொடுத்தபடி சுழற்றவில்லை.
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல்
முகத்தை உள்ளே விட்டு நெடுநேரம் இருந்தாள்.
“பீட்ரூட் வெட்டின பலகை” என்றாள்.
“கழுவ முதல்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
பிறகு என் மூக்கையும் விட்டுப் பார்த்தேன்.
செர்ரி எங்கே, ரோஜா எங்கே,
ஒன்பது வருஷ மனப்பாடம் எங்கே.
அதேதான்: மண்ணோடு வந்த இனிப்பு,
கத்தியின் குளிர்,
விரலைவிட்டுப் போகாத சிவப்பு.
எப்போது திறந்ததென்று தெரியவில்லை.
ரொக்கிகூட இரண்டாம் தரம் குடித்துவிட்டு
“காளான்” என்றான்,
யாரையோ காட்டிக்கொடுப்பவன்போல் மெதுவாய்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.”
எழுந்து ஊற்றினேன்.
இடது கை தானாக முதுகுக்குப் போனது.
“கையை எடுங்கோ” என்றாள். “இருந்து குடியுங்கோ.”

இருந்தேன்.
விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று
எண்ணுவது தொழில் பழக்கம்.
நாற்பத்தொன்றில் ஃபிரிட்ஜ் உறுமி விழித்தது,
வெளிச்சம் வந்தது.
மெழுகுதிரியை யாரும் அணைக்கவில்லை.